மலைக்கு இசைந்த மனை

உணவும் உடையும் உறையுளும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன என்பது சிறுவரும் அறிந்த செய்தி. இம்மூன்றனுள் உணவு ஒரு பொழுதில் அற்றுப்போவது; உடை சில ஆண்டிற் கிழிந்துபோவது; உறையுளோ தலைமுறை தலைமுறையாக நிலைத்து நின்று, தன்னுள் வாழ்வாரின் உடலையும் உள்ளத்தையும் உருவாக்குவது. உணவு கிடையாத நாள் ஒன்றைப் பின்னர் மறந்துவிடலாம். ஈரமும் புகையும் நிறைந்த வீட்டிற் பிறந்து வளர்ந்தவனோ அவ்வீட்டைத் தன் நெஞ்சிலும் மார்புச் சளியிலும் நெடுங்காலம் சுமந்து திரிகின்றான். ஆதலின், எத்தகைய வீடு கட்டுதல் வேண்டும் என்பது மேசன்மாரும் பொறியியலாளரும் மாத்திரம் ஆராய வேண்டிய பொருளன்று. கற்றோர் யாவரும் கருத வேண்டிய பொருளாம்.

அண்மைக் காலத்திற் புதியதொரு நாகரிகம் தோன்றியிருக்கின்றது. அடர்ந்த காட்டின் நடுவே, மரங்களுக்கிடையே, சுவரெல்லாம் கண்ணாடியாக ஒரு மனை எடுத்து, அதனுள் இருந்து மூடுபனியைப் பார்த்து மகிழ்வதே இயற்கையோடு இயைந்த வாழ்வு என்பது அந்நாகரிகத்தின் கொள்கை. வண்ணப் படங்கள் பல அதற்குப் பரிந்து பேசுகின்றன. நம் மலைநாட்டிலும் அவ்வாசை மெல்ல மெல்லப் பரவி வருகின்றது. இதுபற்றி யாம் கூறக் கருதியது ஒன்றே: காட்டுக்குள்ளே வீடு வேண்டா, வீட்டைச் சூழக் காடு வேண்டும். அன்றியும், இயற்கைக்கு இசைந்த புதுமனை என்பது செல்வர் ஓய்வுநாட் கழிக்கும் விளையாட்டில்லம் அன்று. அது மலையகத்திற் கொழுந்து கொய்வோரின் முதற்பெருந் தேவையாகும்.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு வீடு கட்டும் வித்தையில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். அவர்க்கு யாம் கூறும் விடை எளியது. மாணவர் கொண்டுவரும் அப்பியாசக் கொப்பிகளை நாள்தோறும் கையில் எடுப்பவர் ஆசிரியர். கொப்பியின் மணத்தைக் கொண்டே அம்மாணவன் எத்தகைய வீட்டிலிருந்து வருகின்றான் என்பதை அறிந்துவிடலாம். சில கொப்பிகளில் அடுப்புப் புகை மணக்கும். சிலவற்றிற் கூரை ஒழுக்கினால் மை கரைந்திருக்கும். வீட்டுப்பாடம் செய்துவருமாறு நாம் கட்டளையிடுகின்றோம். பாடத்தைக் கொடுத்தோம், அதைச் செய்தற்குரிய வீட்டைக் கொடுத்தோமா என்று எண்ணிப் பார்த்ததுண்டோ? ஒரே அறையில் எழுவர் படுக்க, அடுப்பங்கரை வெளிச்சத்திற் குனிந்திருந்து எழுதும் பிள்ளையின் கையெழுத்து அழகாக இல்லை என்று குறை கூறுதல் எளிது. அக்குறையின் வேர் கையில் இல்லை, கூரையில் இருக்கின்றது.

நிற்க. மனைக்கு முன்னே நிலத்தை அறிதல் வேண்டும். கந்தப்பளை, நுவரெலியா நகருக்குக் கிழக்கே, 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த ஊர். மேற்கே இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. ஊரை அடுத்துக் கந்தப்பளை - சீத்தாஎலியா ஒதுக்குக் காடு பரந்து கிடக்கின்றது. தேயிலையும் மரக்கறித் தோட்டங்களும் அக்காட்டின் விளிம்பு வரை ஏறியிருக்கின்றன. தை, மாசித் திங்களில் விடியற்காலத்து உறைபனி புல்லின்மேல் வெள்ளை விரித்தாற்போலப் படிவதை இவ்வட்டாரத்தார் யாவரும் கண்டிருப்பர். மழை இங்கு இருபருவக் காற்றாலும் வரும். மழையில்லா நாளிலும் முகில் தரைவரை இறங்கி வரும்.

இம்முகிலைத்தான் காடு நமக்கு நீராக்கித் தருகின்றது. மலையுச்சிக் காட்டின் மரங்கள் உயரத்திற் குறைந்தவை. கிளையெல்லாம் பாசி போர்த்தவை. அப்பாசியும் இலையும் தவழ்ந்து செல்லும் முகிலைத் தடுத்துத் துளித்துளியாகச் சேர்த்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. மண் அதனைப் பஞ்சுபோல உறிஞ்சி, மழையற்ற மாதங்களிலும் ஊற்றாகக் கசியவிடுகின்றது. தோட்டத்துப் பீலியில் நீர் விழுகின்றதென்றால், மேலே எங்கேயோ ஒரு சோலை உயிரோடு இருக்கின்றது என்பது பொருள். நாட்டின் அரணுக்கு உறுப்புக்களாக நீரையும் நிலத்தையும் மலையையும் எண்ணிய வள்ளுவர், நிழல் பொருந்திய காட்டையும் அவற்றோடு சேர்த்து எண்ணினார். பகைவரைத் தடுப்பதற்கென அவர் கூறிய அக்காடு, இக்காலத்தில் வறட்சியையும் மண்சரிவையும் தடுக்கும் அரணாக நமக்கு நிற்கின்றது. அரணை இடித்து அதன் கல்லால் மாளிகை கட்டுவாரை அறிவுடையார் என்று எவர் கூறுவர்?

இவ்வுண்மையை அந்நிய ஆட்சியாளரும் ஒருகால் உணர்ந்திருந்தனர். கோப்பிக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்ட அக்காலத்தில், ஹூக்கர் என்னும் தாவரவியற் பேரறிஞர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடலாகாது என அறிவுறுத்தினார். 1873ஆம் ஆண்டில் அரசினரும் அவ்வாறே ஆணை பிறப்பித்தனர். கந்தப்பளை முழுவதும் அவ்வெல்லைக் கோட்டுக்கு மேலே உள்ளது என்பதை நாம் மறத்தலாகாது. இங்கு எஞ்சியிருக்கும் காடு, எஞ்சியதனாலேயே விலைமதிப்பற்றது. அதனுள் ஒரு வீடு எழுவதற்கு ஒரு வீட்டளவு நிலம் மாத்திரம் போதாது. அதற்கொரு பாதை, மின்கம்பி செல்ல ஓர் இடைவெளி, நீர்க்குழாய், கழிவுக்குழி, ஊர்தி திரும்பும் முற்றம் எல்லாம் வேண்டும். பாதை சென்ற வழியே அடுத்த வீடும் செல்லும். காட்டின் அழகை நாடிச் சென்றவர், தாம் சென்றதனாலேயே அவ்வழகை அழித்துத் திரும்புவர். கண்ணாடிச் சுவரோ பகலில் வெயிலை உள்ளே விட்டாலும் இரவில் வெப்பத்தையெல்லாம் வெளியே விட்டுவிடும். பின்னர் மின்னடுப்பை மூட்டித்தான் குளிரைப் போக்குதல் வேண்டும். இதனை இயற்கை வாழ்வு என்பது சொல்லுக்கு இழைக்கும் அநீதியாகும்.

இனி, அக்காட்டின் கீழே தேயிலை நடுவிலுள்ள குடியிருப்பை நோக்குவோம். 1823ஆம் ஆண்டளவிற் தொடங்கிய குடிப்பெயர்ச்சியின் இருநூறாம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. கோப்பி வந்து, இலைநோயால் அழிந்து, தேயிலை வந்து, ஆட்சிகள் மாறி, தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. இத்தனை மாற்றத்துக்கும் இடையே மாறாது நின்ற ஒன்று லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடியாக ஒரு காம்பரா, முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, நீண்டதொரு தகரக் கூரையின்கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள். சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இருவரிசை அறைகள். இது தொழிலாளரைத் தங்கவைப்பதற்கு எண்ணப்பட்ட இடம். குடும்பம் வாழ்வதற்கு எண்ணப்பட்ட வீடன்று. ஞாயிறு எத்திசையில் எழுகின்றது, மழை எப்பக்கத்திலிருந்து அடிக்கின்றது, புகை எவ்வழியே செல்லும் என்று அதனைக் கட்டினோர் வினவவில்லை. காட்டின் நடுவே எழும் கண்ணாடி மாளிகைக்கும் இவ்வறைக்கும் செல்வத்தால் மலையளவு வேறுபாடு உண்டு; நிலத்தைக் கேளாமல் எழுப்பப்பட்டமையால் இரண்டும் ஓரினமே.

நிலத்தைக் கேட்டுக் கட்டினோர் இல்லாமலில்லை. அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியன பல. முதற்கண் நமது ஊரிலேயே ஒரு சான்று உண்டு. ஹெதர்செற் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை, மூடப்பட்டுப் பல்லாண்டு வெறுமையாய்க் கிடந்து, பின்னர் 1996இல் உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டது. அதனை இடித்துத் தள்ளிப் புதிதாகக் கட்டாமல், இரும்புச் சட்டத்தையும் நிரைநிரையான சாளரங்களையும் காத்து, கொழுந்து வாட்டிய மேல்மாடிகளை அறைகளாக்கினர். கட்டியதை மீண்டும் பயன்படுத்துதலே சிக்கனங்களுள் தலையாயது என்பது அது தரும் பாடம். விடுதியில் தங்குதல் நம்மிற் பலர்க்கு எட்டாக்கனியே. ஆயினும் அப்பாடத்துக்குக் கட்டணம் இல்லை.

தம்புள்ளைக்கு அணித்தாகக் கண்டலமைக் குளக்கரையில் ஜெஃப்ரி பாவா அமைத்து 1994இல் திறக்கப்பட்ட விடுதி மற்றொரு சான்று. பாறையை வெட்டித் தரையைச் சமமாக்காமல், பாறையின் வளைவோடு வளைந்து, தூண்களின்மேல் நிற்கும் கட்டடம் அது. கொடிகள் சுவரை மூடிக் காட்டோடு காடாக்கிவிட்டன. அத்தகையதொரு பெருவிடுதி அவ்விடத்துக்கு வேண்டுமோ என்று அக்காலத்திற் கடுமையான எதிர்ப்பும் எழுந்தது. அவ்வினாவை இன்றும் எழுப்பலாம். எனினும், மலையை வீட்டுக்கேற்ப வெட்டாது வீட்டை மலைக்கேற்ப வளைத்தல் என்னும் நெறியை அக்கட்டடத்திலிருந்து கற்றல் தகும்.

கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா அம்மையார், 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலை நிறுவனத்திற் சேர்ந்த முதல் ஆசியப் பெண்மணியாவார். 1950களின் பிற்பகுதியிற் கண்டியை அடுத்த வட்டப்புளுவையில் அரச ஊழியர்க்கென வீட்டுத் திட்டமொன்றை அவர் அமைத்தார். அதனைத் தொடங்குமுன், குடியேறவிருந்த குடும்பங்களிடம் வினாப்பத்திரம் கொடுத்து, அவர்தம் பழக்கவழக்கங்களையும் தேவைகளையும் கேட்டறிந்தார். பூசையறை வேண்டுவோரும் உண்டு. சமையலைப் பிறர் பாராதவாறு மறைத்தல் வேண்டும் என்போரும் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு வாழ்க்கை என்பதை அவர் உணர்ந்தார். நமது தோட்டங்களில் எழும் வீட்டுத் திட்டங்களில் அத்தகைய வினா எத்தனை தாய்மாரிடம் கேட்கப்படுகின்றது?

இந்தியாவில் இலாரி பேக்கர் என்னும் ஆங்கிலேயர், இமயமலைச் சாரலிற் பித்தோராகர் என்னுமிடத்திற் பல்லாண்டு வாழ்ந்து, மலைவாழ் மக்கள் கல்லாலும் மண்ணாலும் வீடெடுக்கும் திறத்தைக் கற்றார். பின்னர்க் கேரளம் சென்று எளியோர்க்கு எண்ணற்ற வீடுகளை அமைத்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளே கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதைத் தம் வாழ்நாள் நெறியாக அவர் கொண்டிருந்தார். செங்கல்லை நிமிர்த்தி நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் அவரது சுவர், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கல்லை மிச்சப்படுத்துவதோடு, இடையிலுள்ள காற்றினாற் குளிரையும் தடுக்கும். நீலகிரியில் வாழும் தோடரின் பழைய இல்லமோ, மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு அரைவட்டமாக வளைத்து, தவழ்ந்து நுழையும் சிறுவாயில் ஒன்றே வைத்து அமைக்கப்பட்டது. அதனை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று யாம் கூறவில்லை. குளிர்நாட்டில் உயர்ந்த முகடும் பெரிய திறப்பும் பகை என்னும் உண்மையை அவர் நூல் கற்காமலே அறிந்திருந்தனர் என்பதே கருத்து.

இச்சான்றுகளை மனத்திற் கொண்டு கந்தப்பளைக்கு ஏற்ற மனையொன்றை எண்ணிப் பார்ப்போம். தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டு நிலமாக ஏழு பேர்ச் வழங்குதல் சில ஆண்டுகளுக்கு முன்னர் வழக்கமாயிருந்தது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவியுடன் தோட்டங்களில் எழுந்த தனிவீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி கொண்டவை. முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் அத்திட்டத்தில் அடங்கும். லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குச் செல்லுதல் பெரும் பேறு. அதனை யாம் மனமார வரவேற்கின்றோம். ஆயினும், சமவெளிக்கென வரைந்த படமொன்றை மலைச்சரிவிற் கொண்டுவந்து நாட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. கையிலிருக்கும் அதே நிலத்தில், அதே அளவில், இதனினும் நல்ல வீடு கட்டல் கூடும்.

முதலாவது, இடம். மலைச்சரிவை நேர்க்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணை முன்னே கொட்டி, அம்மண்ணின்மேல் வீடு கட்டுதல் இங்கு வழக்கமாகிவிட்டது. சரிவின் அடியை வெட்டினால் மேலுள்ள மண்ணுக்குத் தாங்கல் இல்லை. கொட்டிய மண்ணுக்கோ உறுதி இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுள் புதையுண்டமையை நாம் மறத்தல் இயலாது. அவ்விடம் முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் என்பது அத்துயரை இருமடங்காக்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையில் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் மலைகள் மீண்டும் சரிந்து பல உயிர்களை விழுங்கின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை பெற்றே இம்மாவட்டங்களிற் கட்டடம் எழுப்புதல் வேண்டும் என்பது விதி. அவ்விதியை அலுவலகத்துத் தாளாகக் கருதாமல் உயிர்க்காப்பாகக் கருதுதல் வேண்டும். நிலத்தில் வெடிப்புத் தோன்றல், மரங்கள் சாய்தல், புதிய ஊற்று எழுதல், ஊற்றுநீர் கலங்குதல் ஆகிய குறிகளை ஒவ்வொரு மாணவனும் திருக்குறள்போல மனனம் செய்திருத்தல் நலம்.

தக்க இடத்திலும், வீட்டைச் சரிவின் குறுக்கே நீளவாட்டில் அமைத்து, முன்னறை ஒரு படியும் பின்னறை ஒரு படியுமாக இருதளத்தில் எழுப்பினால் வெட்டு மிகக் குறையும். வீட்டுக்கு மேலே மழைநீரை ஒதுக்கும் கான் ஒன்று வேண்டும். இவ்விடத்தில் நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது ஒன்று உண்டு. செங்குத்தான இம்மலைகளிற் கான் வெட்டியும் கல்லணை கட்டியும் மண்ணைப் பிடித்து நிறுத்தியவர் நமது பாட்டனாரே. அறிஞர் எழுதிய அறிக்கைகளில் உள்ள வடிகால் முறை அவர்தம் கையில் நூற்றைம்பது ஆண்டுகளாக இருந்துவந்தது. தேயிலைச் செடிக்கு அவ்வறிவைப் பயன்படுத்திய சமூகம், தன் வீட்டுக்கு அதனைப் பயன்படுத்த வாய்ப்பளிக்கப்படவில்லை.

இரண்டாவது, திசை. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், அரண்மனை எடுக்குமுன் நண்பகல் ஞாயிற்றின் நிழலைக் கோல் நட்டு நோக்கித் திசை தெரிந்து, கயிறிட்டு மனை வகுத்த செய்தி வருகின்றது. வாடைக்காலத்திற் சாளரங்களை அடைத்து நெருப்புச் சட்டியை நாடிய மக்களையும் அப்பாட்டிற் காணலாம். அரசன் மனைக்குச் செய்த அவ்வாராய்ச்சி தொழிலாளி மனைக்கும் வேண்டும். உறைபனி விழும் திங்களில் ஞாயிறு தெற்கே சாய்ந்து செல்லும். ஆகவே, கிழக்கிலும் தெற்கிலும் சாளரம் வைத்தால், காலை வெயில் அறைக்குள் நுழைந்து ஈரத்தை உலர்த்தும். மழைக்காற்று மோதும் பக்கத்திற் சிறு திறப்பே போதும். பிள்ளைகள் படிக்கும் இடம் அக்கிழக்குச் சாளரத்தின் அருகே, சுவரோடு பொருத்திய பலகையொன்றாக இருத்தல் வேண்டும். நான்கடிப் பலகைக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அதனால் விளையும் பயனுக்கு எல்லை இல்லை.

மூன்றாவது, சுவரும் கூரையும். நிலமட்டத்துக்கு மேல் இரண்டடி வரை கல்லாற் கட்டி, அதன்மேல் மண்ணோடு சிறிதளவு சீமெந்து சேர்த்து அழுத்திச் செய்த கற்களை அடுக்கலாம். இக்கற்களுக்குச் சூளையும் விறகும் வேண்டியதில்லை. புதுச்சேரியை அடுத்த ஓரோவில்லில் இத்தகைய கற்களாற் பெருங் கட்டடங்கள் எழுந்துள்ளன. 1968இல் அக்குடியேற்றம் தொடங்கியபோது செம்மண் பொட்டலாயிருந்த நிலம், குடியேறினோர் நட்ட மரங்களால் இன்று சோலையாக நிற்கின்றது. காட்டுக்குள் வீடு தேடாமல் வீட்டைச் சூழக் காடு வளர்த்தல் கனவன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? கூரைக்குத் தகரமே போதும். ஆயின் அதன்கீழ் ஓர் இடைவெளி விட்டுப் பலகையாலோ மூங்கிற் பாயாலோ உட்கூரை அமைத்தல் வேண்டும். அஃது இல்லையேல் இரவுக் குளிரில் தகரத்தின் அடியில் நீர்த்துளி படிந்து, படுத்திருப்போர்மேற் சொட்டும். இறவாரத்தை இரண்டரை அடிக்குக் குறையாமல் நீட்டினாற் சுவர் நனையாது.

நான்காவது, நீரும் நெருப்பும். நுவரெலியாப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர் மழை பொழிகின்றது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் நீர். 550 சதுர அடி, அஃதாவது ஏறக்குறைய 50 சதுர மீற்றர் கூரை, ஆண்டில் 95,000 லீற்றர் நீரைப் பெறுகின்றது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், நாளொன்றுக்குச் சராசரி 200 லீற்றர் எஞ்சும். பீலிக்கரையிற் குடம் சுமந்து காத்துநிற்கும் தாய்மாரும் சிறுமியரும் இக்கணக்கை அறிதல் வேண்டும். அடுப்பங்கரைக்குப் புகைபோக்கி கட்டாயம் வேண்டும். அனகி என்னும் சுடுமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். விறகு குறைந்தாற் காட்டின்மேற் செல்லும் கோடரியும் குறையும். வீட்டுக்கு இசைந்த காடு என்பதும் காட்டுக்கு இசைந்த வீடு என்பதும் இவ்வாறே ஒன்றாகின்றன.

ஐந்தாவது, மரம். 1,900 சதுர அடியில் வீடு போக எஞ்சும் 1,350 சதுர அடியிற் காய்கறிப் பாத்தியும், ஒரு பேரி மரமும், மரத்தக்காளிச் செடியும், எல்லையில் நாட்டுக்குரிய மலைமரங்களும் வளர இடமுண்டு. நூறு வீடுகள் தத்தம் மேலெல்லையில் மரம் நட்டால், அது நூறு தனிமரம் அன்று. மண்ணைப் பிணிக்கும் ஒரு வேர்வலை. யூக்கலிப்டஸ் போலும் அயல்மரங்களை மாத்திரம் நிரையாக நட்டு அதனைக் காடு என்று பெயரிடுதல் போதாது. ஒதுக்குக் காட்டிலிருந்து பறவை கொணரும் விதை முளைத்து வளரும் வண்ணம் ஓரத்தை விட்டுவைத்தல் வேண்டும்.

இங்குதான் நிலவுரிமை பற்றிய வினா எழுகின்றது. நாளை எழும்பிப் போகச் சொல்வார்களோ என்று அஞ்சுபவன் கீரை நடுவான், மரம் நடான். மரத்துக்குப் பத்தாண்டு வேண்டும்; பத்தாண்டு நம்பிக்கைக்கு உறுதிப் பத்திரம் வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, அதனைப் பல்லாண்டு போராட்டத்தின் பின் பெற்ற மக்கள், தாம் நிற்கும் நிலத்துக்கு உரியோராதல் நீதி மாத்திரமன்று; மலையைக் காக்கும் வழியும் அதுவே. சூழல் காக்க வேண்டும் என்று தொழிலாளர்க்கு உபதேசிப்போர், முதலிற் பத்திரத்தைக் கையிற் கொடுத்துவிட்டு உபதேசிப்பாராக.

எம் கருத்துக்கு மறுப்புக் கூறுவோர் உளர். "கல்லையும் மண்ணையும் விட்டு நீங்கிச் சீமெந்து வீட்டைக் கண்ணாற் காணும் காலத்தில், மறுபடியும் மண்ணைப் புகழ்ந்து எம்மைப் பின்னே தள்ளுகின்றீரோ?" என்பர். இவ்வினா நியாயமானது; இதனுள் இருநூறாண்டு இழிவின் வலி இருக்கின்றது. ஆயினும் புதுமை என்பது சீமெந்தில் இல்லை. வாழ்வோரின் தேவையை அறிந்து அறிவோடு அமைப்பதில் இருக்கின்றது. அடித்தளத்திலும் சுவரைச் சுற்றிப் பிணிக்கும் வளையத்திலும் கொங்கிறீற்றும் இரும்பும் வேண்டும்; அங்கே குறைத்தல் ஆகாது. மற்றை இடங்களில் அவை பணத்தை விழுங்குவதன்றிக் குளிரைத் தடுப்பதில்லை. வெளிநாட்டார் பெரும்பொருள் கொடுத்துத் தங்கும் விடுதிகளிற் கல்லும் மண்ணும் மரமும் அழகு எனப் போற்றப்படுகின்றன. அவையே தொழிலாளி வீட்டில் வறுமையின் அடையாளம் ஆகுமோ? செல்வர்க்கு ஓர் அளவுகோல், எளியோர்க்கு மற்றோர் அளவுகோல் என்பதை நாம் ஒழித்தல் வேண்டும். செலவு மிகும் என்போர்க்கும் ஒரு சொல்: சரிந்த சுவரை மீண்டும் எழுப்புவதும், இருமற் பிணிக்கு மருந்து வாங்குவதும், படிப்பை இடையில் விட்ட பிள்ளையின் வாழ்நாள் இழப்பும் எந்தக் கணக்கேட்டில் எழுதப்படுகின்றன?

பழைய மாணவ அன்பர்காள்! நம் கல்லூரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு பொறியியலாளராயும், படவரைஞராயும், மருத்துவராயும், சட்ட அறிஞராயும் உலகெங்கும் விளங்குவோர் உங்களுட் பலர். யூபிலி என்றால் ஒரு மண்டபமோ வாயில்வளைவோ எழுப்புதல் நெடுநாள் மரபு. அவற்றை யாம் குறைகூறவில்லை. ஆயினும் இந்த யூபிலியின் நினைவாக, மலைச்சரிவில் 550 சதுர அடியிற் கட்டத்தக்க மனைக்கு முழு அளவுப் படமும், செலவுக் கணக்கும், நிலம் நோக்கும் வழிகாட்டியும் எளிய தமிழில் ஆக்கி, வேண்டுவோர்க்கு இலவசமாக வழங்குவீராயின், அது கல்வெட்டினும் நெடிது வாழும். அப்படத்தின்படி கந்தப்பளையில் ஒரு வீட்டை எழுப்பிக் காட்டுவீராயின், ஆயிரம் சொற்பொழிவு செய்யாத வேலையை அவ்வொரு வீடு செய்யும். ஆசிரியரும் மாணவரும் வாளாவிருக்க வேண்டியதில்லை. போத்தலும் அளவுகோலும் கொண்டு மழையை அளக்கலாம், கோல் நட்டு நிழலைக் குறிக்கலாம், லயந்தோறும் சென்று, "அம்மா, உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்?" என்று கேட்டு எழுதி வரலாம். மலையை அறிந்த அத்தாய்மாரின் விடைகளே நம் படவரைஞர்க்கு முதற்பாடம் ஆகுக.

கற்றவர் கடன் தாம் நல்ல வீட்டில் வாழ்தலோடு முடிவதன்று. மேலே காடு காடாகவே நிற்க, கீழே மரஞ்சூழ்ந்த சிறு மனைகளில் ஒளியும் வெப்பமும் நிறைய, அவற்றினுள் கிழக்குச் சாளரத்தின் அருகே பிள்ளைகள் இருந்து படிக்கும் நாளைக் காண்பதே நம் யூபிலியின் உண்மைப் பொருளாகும். அந்நாளை விரைந்து கொணர முயல்வோமாக.